ஆளில்லாத வீடுகளுக்கு விளக்கு

என் கணவர் ஆம்பூரில் கரண்டு கம்பெனி லைன்மேனாக இருந்த நாட்களில் ஊரில் பாதிப் பேர் அவருக்கு வணக்கம் வைத்தார்கள், மீதிப் பேர் வைதார்கள். விளக்கு பளிச்சென்று எரிகிற வீட்டில் வணக்கம், மங்கலாக எரிகிற வீட்டில் வசவு. ஒரே வீட்டில் ஒரே சாயங்காலத்தில் இரண்டும் கிடைத்ததும் உண்டு. எனக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து கொட்டுவதைக் கேட்டுக்கொள்கிற வேலைதான் எனக்கு.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் கம்பெனியின் எஞ்சின் கொட்டகை இருந்தது. எண்ணெய் குடித்துக்கொண்டு டுப்டுப் என்று அடிக்கிற அந்த எஞ்சினுக்குப் பின்னாலேயே எங்களுக்கு ஒற்றை அறை வீடு. கம்பெனி கொடுத்தது. காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறுகிற நாற்றம் நேராகச் சோற்றுத் தட்டுக்கே வரும். ஆனாலும் அந்த வீட்டின் மேல் எனக்கு இருந்த பிரியத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதற்கு முன்னால் நான் ஒடுகத்தூரில் மாமியாரோடு இருந்தவள். மாமியார் நல்லவர். நானும் கெட்டவள் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே அடுப்படியில் விட்டதுதான் தப்பு. நான் குழம்புக்கு உப்புப் போட்டால் அவரும் போடுவார். நான் வேர்க்கடலையை வெயிலில் பரப்பினால் அவர் அதையே வாரி வேறு மூலையில் பரப்புவார். வேலூர் ஜெயிலில் இடம் கொடுத்தாலும் போகிறேன், ஒடுகத்தூருக்கு மட்டும் திரும்ப மாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தேன்.

அந்தச் சபதத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கணவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கம்பெனி மானேஜர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் தலைக்கு மேலே இருந்த பல்பு பட்டென்று வெடித்துக் கண்ணாடிச் சில்லெல்லாம் ரசத்தில் விழுந்தது. ரசம் போனால் போகட்டும், மனிதர் மானமே போய்விட்டதாகக் குதித்தார்.

"இன்னொரு தடவ ஊர்ல எங்கியாவது பல்பு வெடிச்சுது, வெளக்கு மங்குச்சுதுன்னு பேச்சு வந்துச்சு, வேலயும் இல்ல, வூடும் இல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று கணவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

பல்பு ஏன் வெடிக்கிறது என்று கேட்டேன். அவருக்கு அதைச் சொல்ல ஆசை, கேட்கத்தான் இதுவரை ஆள் கிடைக்கவில்லை. கம்பத்தில் நாலு கம்பி போகிறது. மூன்று, கரண்டைக் கொண்டுவருகிறவை. நாலாவது, திரும்பிப் போகிற வழி. மூன்று கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவு விளக்கு எரிந்தால் ஒரு பேஜாரும் இல்லை. ஒன்றில் ஜாஸ்தியாகி மற்ற இரண்டில் கம்மியானால் வந்தது வினை. ஜாஸ்தியான கம்பியில் இருக்கிற விளக்கெல்லாம் அழுது வடியும். கம்மியான கம்பியில் இருக்கிற நாலைந்து விளக்கு கொழுப்பெடுத்து வெள்ளை வெளேரென்று எரிந்து வெடிக்கும்.

"மூணு மருமவ இருக்கற வூடு மாதிரி" என்றேன். "ஒருத்திக்கே எல்லா வேலயும் குடுத்தா அவ சுருண்டு போவா. சும்மா இருக்கறவளுங்க ஆடுவாளுங்க."

"ஆமாமே, அதான்" என்றார். அவருக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கம்பி இழுக்க மெட்ராஸிலிருந்து வந்தவர் தெருவுக்கு ஒரு கம்பி என்று கோடு போட்ட மாதிரி கட்டிவிட்டுப் போயிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தோல் முதலாளிகளின் தெரு முழுக்க ஒரே கம்பியில். ஊரில் எரிகிற விளக்கில் முக்கால்வாசி அங்கேதான். மற்ற இரண்டு தெருவிலும் வாசலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, எட்டு மணிக்கு அதையும் அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். முதலாளிகள் தெருவின் வீடுகளைப் பிரித்து மூன்று கம்பிக்கும் கலந்து கட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது கணவரின் யோசனை. அதற்கு எந்த வீட்டில் எத்தனை பல்பு என்று தெரிய வேண்டும்.

அங்கேதான் சிக்கிக்கொண்டார். அந்த முஸ்லிம் வீடுகளில் வெளி ஆம்பிளை முன்கூடத்தைத் தாண்டி உள்ளே போக முடியாது. உள்ளே பெண்கள் இருக்கிற பகுதி. முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற முதலாளியைக் கேட்டால், "ஒரு ஆறு இருக்கும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் வீட்டுச் சமையலறையில் என்ன இருக்கிறது என்று எந்த ஆம்பிளைக்குத் தெரியும்? பிள்ளைகள் வயர் இழுத்து இழுத்து உள்ளே போட்டுக்கொண்ட பல்புகள் அவருக்கே புதிது.

"நீ போயி எண்ணிக்கினு வர்றியா?" என்று கணவர் கேட்டார். கெஞ்சுகிற குரலில் கேட்டதால் உடனே சம்மதிக்காமல் கொஞ்ச நேரம் யோசிப்பது போல இருந்தேன்.

இடுப்பில் ஒரு துணிப்பையைச் செருகிக்கொண்டு போனேன். பல்புக்கு ஒரு புளியங்கொட்டை என்று கணக்கு. வீடு மாறும்போது ஒரு முடிச்சு. திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் வந்தவளை வெறும் கையோடு அனுப்புகிறவர்கள் இல்லை. ஒரு வீட்டில் டீ, ஒரு வீட்டில் சமோசா, எல்லா வீட்டிலும் பேரீச்சம்பழம். கொட்டையைத் துப்ப இடம் தெரியாமல் நானும் பைக்குள்ளேயே போட்டேன்.

சாயங்காலம் பையைக் கொட்டிப் பார்த்த கணவர், "இது எந்த வூட்டு பல்பு, இவ்ளோ நீளமா?" என்று ஒரு பேரீச்சங்கொட்டையைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் மறுபடியும் போய் மறுபடியும் தின்றேன்.

இப்படிப் போய்ப் போய் அந்தத் தெருவின் உள்கட்டு முழுக்க எனக்கு அத்துப்படியாகிவிட்டது. எந்தக் கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச், எந்த ஸ்விட்சை இரண்டு தடவை தட்டினால்தான் எரியும், எல்லாம். ஒரு வீட்டில் ஒரு ஸ்விட்சுக்குப் பல்பையே காணவில்லை. வயர் மட்டும் சுவரில் ஏறிக் கொல்லைப்புறம் போயிற்று. பின்னாலேயே போய்ப் பார்த்தால் கோழிக்கூண்டில் எரிகிறது. குஞ்சுகளுக்குக் குளிருமாம். அந்த வீட்டம்மாள் என் வாயைப் பொத்தி, "அவருக்குத் தெரியாது, சொல்லிடாத" என்று கெஞ்சினாள். எனக்கு 'கரண்டுப் பொண்ணு' என்று பெயர் விழுந்தது அந்த வீட்டில்தான்.

நான் எண்ணிக்கொடுத்தபடி அவர் வீடுகளைக் கலந்து கட்டினார். ஊர் அமைதியாக எரிந்தது. மானேஜர் வீட்டு ரசத்தில் கொத்தமல்லி மட்டும் மிதந்தது.

அப்போதுதான் அந்தத் தெருவிலேயே பெரிய முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலூரிலிருந்து ஒருவர் வண்டி வண்டியாகக் கலர் பல்பு கொண்டுவந்து வீட்டு முகப்பு, மொட்டைமாடிக் கைப்பிடி, பந்தல், மாமரம் என்று ஒரு இடம் விடாமல் கட்டினார். மாமரத்தில் இலையை விடப் பல்பு அதிகம். மானேஜருக்கும் அழைப்பு. அவர் என் கணவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு விளக்கு நன்றாக எரிந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மறுநாளே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

நானும் கணவரும் உட்கார்ந்து கொட்டைகளைப் பரப்பிக் கணக்குப் போட்டோம். கல்யாண வீடு ஒன்றுக்கே அத்தனை பல்பு. ஆகவே ஒரு கம்பியை முழுக்க அந்த வீட்டுக்கே விட்டுவிடுவது. அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் மற்ற இரண்டு கம்பிக்கும் சரிபாதியாக மாற்றிவிடுவது. மூன்றும் சமம். கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் அப்படியே மாற்றிக் கட்டினார். எங்கள் புத்தியை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

கல்யாண நாள் சாயங்காலம் எஜமானியம்மா அனுப்பிய அழைப்பின் பேரில் நானும் உள்கட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எஜமானியம்மா என்று நான் சொல்வது மணப்பெண்ணின் அம்மாவை. எல்லோரும் அவரை பீபிம்மா என்பார்கள். மூச்சு வாங்குகிற உடம்பு, மூச்சு வாங்காத வாய். முன்பக்கம் பந்தலில் ஆண்கள். நிக்காஹ் நடக்க இன்னும் கொஞ்ச நேரம். அத்தர் வாசனையும் கொல்லையில் தம் போட்டிருந்த பிரியாணி வாசனையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. நான் பிரியாணி கட்சி.

பொழுது இறங்கி விளக்கெல்லாம் போட்டார்கள். முதலில் ஒரு 'ஹா' என்ற சத்தம். பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலர் பல்பெல்லாம் சோம்பிப்போய், உள்ளே கம்பி மட்டும் செக்கச்செவேலென்று தெரிந்தது. மணப்பெண்ணின் முகத்தில் ஜரிகை எது, கண் எது என்று தெரியவில்லை. அதே சமயம் தெருமுனையில் 'டமார்' என்று ஒரு சத்தம். தெருவிளக்கு வெடித்தது. பந்தலில் இருந்தவர்கள் கல்யாண வெடி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மானேஜரும் தட்டினாராம்.

புழக்கடை வழியாகத் தெருவுக்கு ஓடினேன். மூலைக் கம்பத்தின் உச்சியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கணவர் நின்றிருந்தார்.

"இன்னாங்க ஆச்சு?" என்று கீழே இருந்து கத்தினேன்.

"தெருவப் பாருமே!" என்றார் மேலே இருந்து.

பார்த்தேன். கல்யாண வீட்டைத் தவிரத் தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. எல்லாம் பூட்டு. எல்லோரும் கல்யாணத்துக்கு வந்துவிட்டார்கள். தெருவிலேயே பெரிய வீட்டுக் கல்யாணத்தன்று எவள் தன் வீட்டில் உட்கார்ந்து பல்பு எரித்துக்கொண்டிருப்பாள்? பல்பை எண்ணினோம், கொட்டையை எண்ணினோம், இதை எண்ணவில்லை. பாரமெல்லாம் ஒரே கம்பியில் கிடந்தது, மற்ற இரண்டும் வெறுமனே தொங்கின.

"மாத்திக் கட்டுங்களேன்!"

"அதுக்குத் தெருவுக்கே கரண்ட நிறுத்தணும். நிக்காஹ் நேரத்துல இருட்டாக்கிட்டு நான் உயிரோட எறங்க முடியுமா? நாலாவது கம்பி முடிச்சு வேற சுட்டு நெகிழுது, கொறடால இறுக்கிப் புடிச்சுக்கினு இருக்கேன், இத வுட்டுட்டு என்னால நகர முடியாது. அந்த வூடுங்கள்ல வெளக்கு எரியணும். வேற வழியில்ல."

மறுபடியும் உள்ளே ஓடினேன். பந்தல் பக்கமிருந்து முதலாளியின் குரல், "இன்னா சார், உங்க வெளக்கு தூங்குது?" என்று மானேஜரைக் கேட்பது என் காதில் விழுந்தது.

பீபிம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரே, ஜனம் இருக்கற வூட்ல வெளிச்சம் பத்தலன்னா, ஜனம் இல்லாத வூட்ல வெளக்கு ஏத்தச் சொல்றியே. உனக்கு இன்னா, தல சுத்துதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கொல்லையில் அந்த நேரம் பார்த்துப் பிரியாணி தேக்சாவை மூன்று பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கையை நீட்டினேன்.

"அதோ பாருங்க பீபிம்மா. அந்த தேக்சாவ மூணு பேர் தூக்குறாங்க. ரெண்டு பேர் கைய வுட்டுட்டா இன்னா ஆவும்?"

பீபிம்மா பதறிப்போய், "யா அல்லா, எம் பிரியாணி!" என்றார்.

"இப்ப உங்க வூட்டு வெளக்கு அப்படித்தான் நிக்குது. மத்த ரெண்டு பேரும் கைய வுட்டுட்டாங்க."

மின்சாரத்தில் புரியாதது பிரியாணியில் உடனே புரிந்துவிட்டது. ஆனால் புரிந்து என்ன செய்ய? யாராலும் போக முடியாது. கொல்லையில் சமையல் ஆட்கள், முன்னால் ஆண்கள் நிறைந்த பந்தல், இவர்களைத் தாண்டி இத்தனை பெண்கள் அந்த நேரத்தில் எப்படித் தெருவில் இறங்குவார்கள்? வாசல் பக்கம் ஆள் அனுப்பிச் சொன்னால் ஆண்கள் கேள்வி கேட்டே நிக்காஹை முடித்துவிடுவார்கள்.

கோழிக்கூண்டு வீட்டம்மாள்தான் முதலில் இடுப்பில் கை வைத்தாள். சாவிக்கொத்தை உருவி என் கையில் வைத்தாள்.

"எங்கெங்க ஸ்விட்ச்சுன்னு எங்க வூட்டுக்காரர விட உனக்குத்தான் நல்லாத் தெரியும். ஜல்தி போ."

அவ்வளவுதான். இந்தப் பக்கமிருந்து ஒரு சாவி, அந்தப் பக்கமிருந்து ஒரு சாவி. வாங்கி வாங்கி மடியில் போட்டேன். மடி கனத்துக் கீழே இழுத்தது. "எங்க வூட்டுப் பின்கதவு இறுகும், தோளால இடி" என்று ஒருத்தி. "உள்ரூம் வெளக்கும் போடு" என்று இன்னொருத்தி. நான் யார்? எஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறவள். என் வீட்டில் பூட்டே கிடையாது, பூட்டி வைக்க ஒன்றும் இல்லாததால். நாளைக்கு யார் வீட்டிலாவது ஒரு கிண்ணம் காணவில்லை என்றால் போகிற இடம் ஒடுகத்தூர் இல்லை, நிஜமாகவே வேலூர் ஜெயில்.

ஓடினேன். முதல் வீட்டைத் திறந்து முன்கூடம், உள்கூடம், சமையலறை என்று எல்லாவற்றையும் தட்டினேன். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒரு வீட்டுப் பின்கதவை இடித்த இடியில் தோள் ஒரு வாரம் வலித்தது. கோழிக்கூண்டையும் விடவில்லை, திடீரென்று விடிந்துவிட்டதாக நினைத்துச் சேவல் கூவ, பக்கத்து வீட்டுச் சேவலும் பதில் கூவியது. தெருவில் ஒரு மனிதர் இல்லை, விளக்குகளும் சேவல்களும் நானும்தான்.

கடைசி வீடு. உள்ரூம் விளக்கைப் போட்டதும் எதிரே யாரோ நிற்பதைக் கண்டு கத்திவிட்டேன். ஆளுயரக் கண்ணாடி. அதில் தலை கலைந்து, வியர்த்து ஊற்ற, மடி நிறையச் சாவியோடு நான். கண்ணாடிக்குக் கீழே பலகையில், கல்யாணத்துக்கு எது பொருந்தும் என்று போட்டுப் பார்த்துவிட்டு அவசரத்தில் அப்படியே விட்டுப் போன தங்க வளையல்களும் கழுத்துச் சங்கிலிகளும் கிடந்தன. மூடக்கூட இல்லை. இது இங்கே கிடக்கிறது என்று தெரிந்துதான் அந்த அம்மாள் சாவியைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்தபோது ஒரு விநாடி யோசிக்கவும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை இந்த அளவுக்கு யாரும் நம்பியதில்லை. பெற்றவர்கள் நம்பியதில்லை, கட்டினவர் கொட்டையைக்கூட இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அடக்க முடியாமல் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனால் சத்தம் துக்கம் மாதிரித்தான் வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, நகை கிடந்த பலகையின் பக்கம்கூடப் போகாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

கல்யாண வீடு ஜொலித்தது. மாமரம் முழுக்கப் பச்சையும் சிவப்பும். பந்தலில் பேரீச்சம்பழம் வீசிக்கொண்டிருந்தார்கள், நிக்காஹ் முடிந்துவிட்டது. உள்ளே போய்ச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் பேச்சை நிறுத்தாமலே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசி வீட்டம்மாளிடம் மட்டும், "நக வெளிய கிடக்குதும்மா" என்றேன். "கிடக்கட்டும், நீ சாப்ட்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

மானேஜரும் சாப்பிட்டார். கை கழுவ வந்தவர் என் கணவரைக் கூப்பிட்டு, நடுவில் கொஞ்சம் கண் அசந்த மாதிரி இருந்ததே தவிர மற்றபடி விளக்கு பிரமாதம், வேலை நிரந்தரம், வீடும் உனக்கே என்று சொல்லிப் பல் குத்திக்கொண்டே போனார். தெருவிளக்கு வெடித்ததைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

வாழையிலைப் பொட்டலத்தில் பிரியாணியைக் கட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் நடந்தோம். வேலை கிடைத்த மனிதர் துள்ளிக்கொண்டு வருவார் என்று பார்த்தால் ஒன்றும் பேசாமல் வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இவ்ளோ செஞ்சேன், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றேன்.

"கம்பத்து மேல இருந்து பாத்துக்கினே இருந்தேன்" என்றார். "ஒவ்வொரு வூடா வெளிச்சம் வந்துச்சு. நீ இப்ப எந்த வூட்ல, எந்த ரூம்ல இருக்கன்னு எல்லாம் தெரிஞ்சுது. கடைசி வூட்லதான் வெளக்கு வந்து ரொம்ப நேரம் ஆவுது, நீ வெளிய வரல."

"உக்காந்து அழுதுக்கினு இருந்தேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? புது ஸ்விட்ச்சு, ஈரக் கை, கரண்டு அடிச்சிட்டுதோன்னு..." அவர் நின்றுவிட்டார். "முடிச்ச வுட்டுட்டேன். வெளக்கு போனா போவுது, வேல போனா போவுதுன்னு கயித்த அவுத்துட்டுப் பாதி கம்பம் எறங்கிட்டேன். அப்பறம்தான் நீ கதவப் பூட்டுற சத்தம் கேட்டுது."

தெருவில் யாரும் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கம்பத்தை இறுக்கிப் பிடித்து வழுக்கி இறங்கியதில் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. அதுவரை அவர் அதைச் சொல்லவே இல்லை.